மரினாவுக்கு ஒரு சுறா

செவ்வாய்க்கிழமை கொம்யூனில் கூட்டம். இங்கே டென்மார்க்கில் பிள்ளை யாரிடம் இருப்பது என்று முடிவு செய்வது நகரசபையான இந்தக் கொம்யூன்தான். ஜெசிந்தன் அங்கே வந்து நான் குடியை விட்டுவிட்டேன் என்று சொன்னால் என் மகள் என்னிடம் திரும்பி வருவாள். சொல்லாவிட்டால் வரமாட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

ஜெசிந்தன் என் மனைவியின் அண்ணன். மனைவியின் பெயர் அஜந்தினி. போன வருடம் ஜனவரியில் இறந்தாள். காலையில் பல் துலக்கிக்கொண்டு நின்றவள் விழுந்தாள். மூளைக்குள் இரத்தக் கசிவு. வயது இருபத்தொன்பது. அதன் பிறகு நான் குடித்தேன். கோடையில் ஒரு நாள் மகள் ஸ்ரெபானியைப் பாலர் பள்ளியிலிருந்து ஏற்றிக்கொண்டு வரும்போது பிராண்டே வீதியில் பொலிஸ் மறித்து ஊதச் சொன்னது. அன்று பின்னேரமே கொம்யூன்காரர் பிள்ளையை இக்காஸ்டில் மாமி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். இப்போது அவளுக்கு நான்கு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கலாம். வெளியே கூட்டிப்போக முடியாது.

இலையுதிர்காலத்தில் குடியை விட்டேன். பிறகு தொடவில்லை. ஆனால் ஒருவன் குடிக்கவில்லை என்பதை இன்னொருவன் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

மாமியின் பெயர் விக்ரோரியா. முதியோர் இல்லத்தில் வேலை. அதே வீட்டின் மேல்மாடியில் ஜெசிந்தனும் அவன் மனைவி மரினாவும் இருக்கிறார்கள். ஸ்ரெபானி மாமியின் கட்டிலில் படுக்கிறாள். மாமிக்கு அவளைத் திருப்பித் தரும் எண்ணம் இல்லை. அதை அவர் மறைத்ததும் இல்லை. "என்ர பிள்ளையை எடுத்த ஆண்டவர் இதையாவது எனக்கெண்டு விட்டிருக்கிறார்" என்று என் முகத்துக்கு நேரே சொல்வார்.

கூட்டத்துக்கு முந்திய கிழமை ஜெசிந்தன் போன் எடுத்தான்.

"சனிக்கிழமை ஹேர்ட்ஸ்ஹால்ஸில இருந்து போட் போகுது. பெரிய மீனுக்கு. உனக்கும் காசு கட்டிட்டன். வா."

"எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது."

"மீன் பிடிக்க ஆரடாப்பா உன்னைக் கூப்பிட்டது? நாள் முழுக்க போட்டில நிக்கோணும். டெனிஸ்காரர் விடிஞ்ச நேரம் தொடக்கம் பியர் அடிப்பாங்கள். யோசேப்பு விஸ்கிப் போத்திலோட வருவான். நீ தொடாமல் நிண்டுட்டாய் எண்டால் செவ்வாய்க்கிழமை நானே வாய் திறக்கிறன்."

"தொட்டால்?"

"தொட்டாலும் வாய் திறப்பன்."

சிரித்துவிட்டு வைத்தான்.

கடலுக்குப் போக அவனுக்கு வேறு காரணமும் இருந்தது. மரினாவுக்குப் பிள்ளை பிறந்து சில நாட்கள். பால் காணாமல் குழந்தை அழுதுகொண்டே இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாவைச் சரக்குக் கறி வைத்துக் கொடுத்தால் பால் ஊறும் என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்தது. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி அரைத்துப் போட்ட கறி. மிளகாய் கிடையாது. மாமி தமிழ்க் கடையில் வாங்கிய பால்சுறாவை முகர்ந்து பார்த்து, "இது ஐஸுக்குள்ள கிடந்து இரண்டாம் முறையும் செத்தது" என்று குப்பையில் போட்டுவிட்டார். பச்சைச் சுறா வேண்டுமென்று மகனுக்கு உத்தரவு.

படகில் பன்னிரண்டு பேர் இருந்தோம். மூன்று பேர் தமிழர். யோசேப் என்பவன் ஜெசிந்தனோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். மன்னார்ப் பெடியன். வாய் மூடாதவன். மற்றவர்கள் டெனிஸ்காரர்கள். ஜெசிந்தன் சொன்னதுபோலவே காலையில் தொடங்கினார்கள். யோசேப் ஒரு தகர டம்ளரில் விஸ்கி ஊற்றி என் மூக்குக்குக் கீழே பிடித்தான்.

"கபிலன் அண்ணை, குளிருக்கு மருந்து."

"வேண்டாம்."

"மணத்தையாவது எடுங்கோ. மணத்துக்குக் கொம்யூன் தடை போடேல்லைத்தானே?"

ஜெசிந்தன் எங்களைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு நின்றான். நான் கடலைப் பார்த்தேன். சாம்பல் நிறம். வேறொன்றும் இல்லை.

நோர்வேப் பக்கமாகக் கடல் திடீரென்று ஆழமாகும் இடத்தில் படகை நிறுத்தினார்கள். படகோட்டியின் பெயர் கார்ஸ்டன். அறுபது வயதிருக்கும். ஜெசிந்தன் கம்பித் தூண்டிலில் ஒரு முழுக் கானாங்கெளுத்தி மீனைக் குத்தி இறக்கினான். மத்தியானத்துக்குச் சற்று முன்னர் அவனுடைய தடி வளைந்தது. மீன் இழுக்கவில்லை, ஓடவில்லை. பாரமாக மட்டும் இருந்தது. ஜெசிந்தனும் யோசேப்பும் மாறி மாறிச் சுற்றினார்கள். அடியில் கிடந்த மரக்குற்றி கொழுவிவிட்டது என்று டெனிஸ்காரர்கள் பகிடி பண்ணினார்கள்.

மேலே வந்தபோது மரக்குற்றி போலத்தான் இருந்தது. மூன்றரை மீற்றர் நீளம். மண்ணிறமும் சாம்பலும் கலந்த உடம்பு. மொட்டை மூக்கு. வாய் மெதுவாகத் திறந்து மூடியது. கண்ணிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் தொங்கியது.

"கிறீன்லாந்துச் சுறா" என்றான் கார்ஸ்டன். அந்த நூல் ஒரு புழு என்றும், அது கண்ணைத் தின்றபடி கண்ணிலேயே சீவிக்கும் என்றும், அதனால் இந்தச் சுறாக்கள் அநேகமாகக் குருடு என்றும் சொன்னான். துருவக் கடலின் அடியில் இருப்பவை. சில இந்தப் பள்ளத்துக்கும் வரும். கடல்நாயைத் தின்னும். செத்த திமிங்கிலத்தைத் தின்னும். முந்நூறு, நானூறு வருடம் உயிரோடிருக்கும்.

யோசேப் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். "அப்ப போர்த்துக்கீசன் வந்து எங்களுக்குத் தண்ணி தெளிச்ச காலத்தில இது பொடிப்பிள்ளை. மச்சான், இது வேதக்காரச் சுறா. பூசை வைச்சுத்தான் வெட்டோணும்."

"வெட்டக் கூடாது" என்றான் கார்ஸ்டன். யோசேப் சொன்னது அவனுக்கு விளங்கியிருக்காது. ஜெசிந்தன் கையில் கத்தி இருந்ததைக் கண்டிருப்பான். "இதைக் கரைக்குக் கொண்டுபோக எங்களுக்கு அனுமதி இல்லை. படம் எடு. கொக்கியைக் கழற்றி விடுவோம். இறைச்சியும் நஞ்சு. பச்சையாகத் தின்ற நாய்கள் நிற்க முடியாமல் விழும்."

படகின் பக்கத்தில் ஒரு தாழ்ந்த கதவு உண்டு. அதைத் திறந்து, சுறாவின் வாலில் கயிறு போட்டு இழுத்துப் படகோடு ஒட்ட வைத்தார்கள். கார்ஸ்டன் பெரிய குறடு எடுக்க முன்னுக்குப் போனான். டெனிஸ்காரர்கள் தலைப்பக்கம் நின்று படம் எடுத்தார்கள்.

"கயிறைப் பிடி" என்றான் ஜெசிந்தன். பிடித்தேன்.

"யோசேப்பு, காலைப் பிடி."

யோசேப் அவனுடைய கால்களின் மேல் குந்தினான். ஜெசிந்தன் குப்புறப் படுத்து, வாலுக்கு மேலே சதைப்பிடிப்பான இடத்தில் கத்தியை இறக்கினான். தோல் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு. கத்தி கரகரவென்று போனது. நான்கு வெட்டில் ஒரு தலையணை அளவு துண்டு கழன்றது. உள்ளே வெள்ளை. நினைத்த அளவு இரத்தம் வரவில்லை. சுறா துடிக்கவில்லை. ஒரு தடவை வாலைத் திருப்பியது, படுக்கையில் ஒருவர் புரள்வதுபோல. கயிறு வழியாக அது என் கைக்குத் தெரிந்தது.

"எருமை. நோகுதெண்டு கூடத் தெரியேல்லை இதுக்கு" என்றான் ஜெசிந்தன். துண்டைப் பைக்குள் போட்டுத் தன் ஐஸ் பெட்டியில் கொட் மீன்களுக்குக் கீழே தள்ளினான்.

கார்ஸ்டன் வந்து கொக்கியைக் கழற்றினான். வால் தண்ணீருக்குள் இருந்தது. அவன் பார்க்கவில்லை, அல்லது பார்க்க விரும்பவில்லை. கயிற்றை விட்டேன். சுறா சற்று நேரம் அப்படியே கிடந்தது. பிறகு தலை கீழாக இறங்கியது. வெட்டிய இடம் வெள்ளையாகக் கன நேரம் தெரிந்தது.

திரும்பும் வழியில் சிக்னல் வந்ததும் போனில் தேடினேன். நான் யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்தேன், ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு. இப்போது பிராண்டேயில் ஒரு தீவனத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை. வாசித்தது எனக்கு நன்றாக விளங்கியது. இந்தச் சுறாவின் சதையில் ஒரு பொருள் அளவுக்கு மேல் இருக்கிறது. தின்றால் வயிற்றில் அது நஞ்சாக மாறி நரம்பைத் தாக்கும். ஆள் தள்ளாடும், நாக்குப் புரளாது. கூடினால் வலிப்பு. குடிவெறி போலவே இருக்கும். பல தடவை அவித்து ஒவ்வொரு தடவையும் தண்ணீரை ஊற்றிவிட்டால் நஞ்சு போய்விடும்.

காருக்குள் அதை ஜெசிந்தனுக்குச் சொன்னேன்.

"நீ தொடேல்லை" என்றான் அவன். "நாள் முழுக்கப் பாத்தனான். அது காணும். செவ்வாய்க்கிழமை சொல்றன்."

"நான் இறைச்சியைப் பற்றிச் சொல்றன்."

"நான் உன்ர பிள்ளையைப் பற்றிச் சொல்றன். பேசாமல் இரு."



மறுநாள் பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்கு வந்த நேரத்துக்கு நானும் போனேன். குசினிக்குள் மூத்திர வாடை. மாமி துண்டை வெட்டிச் சட்டியில் போட்டு அவித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு.

"இந்த மணத்தை மணந்து எத்தினை வருசம்! சுறா எண்டால் இப்பிடித்தான் மணக்கோணும். கடையில விக்கிறது சவம்."

"மாமி, இது வேறை சுறா. அவிச்ச தண்ணியை ஊத்துங்கோ. திரும்பத் தண்ணி விட்டு அவியுங்கோ. மூண்டு நாலு தரம் செய்தால் பரவாயில்லை."

அகப்பையோடு திரும்பினார்.

"தண்ணியை ஊத்தவோ? சத்து முழுக்க அதுக்குள்ளதான் கிடக்கு. அந்தத் தண்ணியிலதான் சரக்கைக் கரைச்சு விடோணும். எனக்குச் சமைக்கப் படிப்பிக்க வந்திட்டார்."

"அது நஞ்சு. திண்டால் குடிவெறி மாதிரி வரும். மரினாவுக்கும் கூடாது, பால் குடிக்கிற பிள்ளைக்கும் கூடாது."

"ஆர் சொன்னது?"

"போட்காரனும் சொன்னவன். நானும் வாசிச்சுப் பாத்தனான்."

"டெனிஸ்காரன் சொன்னவன்." மாமி அடுப்பைப் பார்த்துச் சொன்னார். "டெனிஸ்காரன் என்ர பிள்ளைக்கும் சொன்னவன். மூளை செத்திட்டுது, மெஷினை நிப்பாட்டப் போறம் எண்டு சொன்னவன். நீ ஓம் எண்டு தலையாட்டினனி. நெஞ்சு அப்பவும் அடிச்சுக்கொண்டுதான் இருந்தது. நான் கையை வைச்சுப் பாத்தனான்."

முன்னறைக்குப் போனேன். 

மரினா முன்னறைச் சோபாவில் குழந்தையை மார்போடு வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை இழுத்துப் பார்த்து, ஒன்றும் வராமல், முகம் சிவந்து கத்தியது. மரினாவின் கண்கள் குழி விழுந்திருந்தன. அவளிடம் போய்ச் சொன்னேன்.

"அண்ணை, நான் இப்ப எதைத் தந்தாலும் தின்னுவன்" என்றாள். "மண்ணைத் தந்தாலும் தின்னுவன். பால் வந்தால் காணும்."

மாமி மேசையில் இரண்டு கோப்பை வைத்தார். ஒன்று பெரியது. மற்றது முயல் படம் போட்ட சின்னக் கோப்பை, ஸ்ரெபானியினுடையது.

"உறைப்பில்லாத கறி. பிள்ளையும் வடிவாச் சாப்பிடும்."

போனை எடுத்தேன். நஞ்சு சம்பந்தமாகக் கேட்பதற்கு ஒரு இலக்கம் உண்டு. ஜெசிந்தன் என் கையிலிருந்து போனைப் பறித்துத் தன் காற்சட்டைப் பையில் போட்டான்.

"விசரே உனக்கு? கொண்டரக் கூடாத மீனைக் கொண்டந்தது எண்டு போன் பண்ணிச் சொல்லப் போறியோ? தண்டம் ஆர் கட்டுறது, நீயோ?"

"பிள்ளைக்குக் குடுக்காதை மச்சான்."

"அப்ப நீ தின்" என்றார் மாமி. "முதல்ல நீ தின்னு காட்டு. நீ செத்துப்போனால் நாங்கள் தின்னேல்லை."

ஜெசிந்தன் சிரித்தான். மரினாவும் கொஞ்சம் சிரித்தாள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவைத் தாண்டினால் அதுவே குற்றம். மேசையில் இருந்தேன். மாமி சோறு போட்டு, மேலே கறியும் குழம்பும் நிறைய ஊற்றினார். கறி நன்றாக இருந்தது. மிளகும் உள்ளியும் வாடையை மூடியிருந்தன. பெரிய துண்டுகளாகப் பார்த்துத் தின்றேன். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.

"நஞ்சை வழிச்சு வழிச்சுத் தின்னுறான்" என்றார் மாமி.

ஜெசிந்தன் அடுப்படியில் நின்றபடி சட்டிக்குள் கைவிட்டு, உப்புப் பார்க்கிறேன் என்று துண்டு துண்டாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான். அதை மாமி காணவில்லை. நான் கண்டேன்.

"பொறுங்கோ" என்றேன். "ஒரு மணித்தியாலம் பொறுங்கோ. எனக்கு ஒண்டும் இல்லாட்டி எல்லாரும் சாப்பிடுங்கோ."

மாமி சட்டியை மூடிவைத்தார். என்னை மடையனாக்குவதற்காகப் பொறுத்தார். அந்த நேரத்துக்குள் நான் ஒரு தடவை காருக்குப் போனேன். ஸ்ரெபானிக்கு வாங்கிய மழைச் சட்டை பின் சீற்றில் இருந்தது. எடுத்து வந்து போட்டுவிட்டேன். மஞ்சள் நிறம். அவள் வீட்டுக்குள்ளேயே அதைப் போட்டுக்கொண்டு சுற்றினாள். தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொன்னாள்.

முதலில் உதடு மரத்தது. பிறகு தரை ஒரு பக்கம் சரிந்தது. எழுந்து, "தொடங்கிட்டுது, பாருங்கோ" என்று சொல்லப் பார்த்தேன். நாக்கு வாய்க்குள் பாரமாகக் கிடந்தது. வந்த சத்தம் சொல்லாக இல்லை. கதிரையைப் பிடித்தேன், கதிரையோடு சாய்ந்தேன்.

ஸ்ரெபானி கைகொட்டிச் சிரித்தாள். அப்பா பகிடி செய்கிறார் என்று டெனிஷில் சொன்னாள். நான் சுவரைப் பிடித்து நடக்க முயன்றபோது அவள் சிரிப்பு நின்றது. இந்த நடை அவளுக்குத் தெரியும். மழைச் சட்டையோடு மாமியின் பின்னால் போய் நின்றாள்.

"பாத்தியளோ" என்றார் மாமி. குரலில் கோபமில்லை. ஆறுதல் இருந்தது. "காருக்குள்ள போனவன் எல்லே. சட்டை எடுக்கிறன் எண்டு போனவன். அங்க வைச்சிருந்திருக்கிறான்."

"இல்லை" என்றேன். அது எப்படிக் கேட்டதோ தெரியாது.

"குடிக்க முதலே காரணம் சொல்லி வைச்சிட்டான் பாருங்கோ! மீன் திண்டால் வெறி வருமாம். எவ்வளவு மூளை! படிச்சவன் எல்லே."

"மச்சான், நீயோடா" என்றான் ஜெசிந்தன். "நேற்று முழு நாளும் நிண்டியே. ஒரு நாள் கூடுதலா நிக்கேலாதோ உனக்கு?"

அவன் அதை நம்பித்தான் சொன்னான். அந்த நேரத்தில் நம்பினான்.

மாமி சட்டியைத் திறந்தார். பெரிய கோப்பைக்கு ஊற்றினார். சின்னக் கோப்பையில் சோற்றைப் பிசைந்து ஒரு துண்டை உதிர்த்துப் போட்டார். "வாங்கோ குஞ்சு" என்று ஸ்ரெபானியைக் கூப்பிட்டார். நான் மேசைவரை போனேன். நடந்தேனா விழுந்தேனா தெரியாது. சட்டியின் காதைப் பிடித்து இழுத்தேன். சட்டியும் கோப்பைகளும் மேசை விரிப்பும் என்னோடு சேர்ந்து கீழே வந்தன. குழம்பு என் காலில் கொட்டியது. அப்போது சுடவில்லை. துண்டுகளின் மேல் புரண்டேன். ஒன்றும் மிஞ்சக்கூடாது என்பது மட்டும் நினைவில் இருந்தது.

மரினா கத்தினாள். குழந்தை கத்தியது. மாமி அகப்பையால் என் தலையில் அடித்தார். நிறைய அடித்தார். "பால் இல்லாமல் கிடக்கிறவளின்ர சாப்பாடடா! பெத்தவளின்ர சாப்பாட்டில விழுந்து புரளுறியேடா நாயே! என்ர பிள்ளையை மாதிரி நீ செத்திருக்கக் கூடாதோடா!"

ஜெசிந்தன் என் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கார் நிறுத்தும் கூரைக்குக் கீழே போட்டான். போனை என் மேல் எறிந்தான். கதவைச் சாத்தினான். மழையும் பனியுமாகப் பெய்தது. குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் சத்தி எடுத்தேன். கை இழுத்தது. முன்வீட்டுக் கிழவர் யன்னலால் பார்த்துவிட்டுத் திரையை மூடினார். எப்படியோ என் காருக்குள் ஏறிப் படுத்தேன். இறக்கக்கூடும் என்று நினைத்தேன். அதில் பயமோ விருப்பமோ இல்லை.

பொழுதுபடும் நேரத்தில் கைகால்கள் என் சொல்லுக்குத் திரும்பின. அப்போது வீட்டுக் கதவு திறந்தது. ஜெசிந்தன் வெளியே வந்தான். தூணைப் பிடித்தான். விட்டுவிட்டு இரண்டு அடி வைத்து மறுபடி தூணையே பிடித்தான். குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், நான் எடுத்த இடத்திலேயே அவனும் சத்தி எடுத்தான். பிறகு என் காரின் கதவைத் திறந்து பக்கத்தில் விழுந்தான்.

"எனக்கு... நாக்கு..." என்றான்.

"உப்புப் பாத்தாய்தானே. கொஞ்சமாத் திண்டபடியால் பிந்திப் பிடிச்சிருக்கு."

அழுதான். அழுகையும் கோணலாக வந்தது. சற்று நேரம் கழித்துத்தான் பேச முடிந்தது.

"நீ சொன்னது சரி மச்சான். நீ குடிக்கேல்லை."

"செவ்வாய்க்கிழமை அதைச் சொல்லு."

"ஓம். சொல்றன். மாதாவாணை சொல்றன்." என் கையைப் பிடித்தான். "அம்மா சமைக்காமல் வைச்ச மிச்சத் துண்டு பிரிட்ஜுக்குள்ள கிடக்கு. நானே எறியிறன். நீ போ. வடிவாக் கார் ஓடுவியோ?"

மெதுவாக ஓட்டிக்கொண்டு பிராண்டேக்கு வந்தேன். காலில் கொப்புளம் எழும்பியிருந்தது. அன்றைக்கு, பிள்ளையைக் கொண்டுபோன பிறகு முதல் தடவையாக, ஸ்ரெபானியின் அறையில் கட்டிலுக்கு விரிப்புப் போட்டேன்.

கூட்டத்தில் நான்கு பேர் இருந்தோம். பொறுப்பதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். மென்மையாகப் பேசுவார். மாமி ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னார். அவருடைய டெனிஷ் உடைந்தது, ஆனால் எல்லாம் விளங்கியது. அவர் பொய் சொல்லவில்லை. கண்டதைச் சொன்னார்.

பொறுப்பதிகாரி என்னைப் பார்த்தார். சுறாவைப் பற்றிச் சொன்னேன். சதையிலுள்ள பொருளின் பெயரைச் சொன்னேன். அவர் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார். அந்தச் சாய்வை, அஜந்தினியின் மெஷினை நிறுத்துவது பற்றிச் சொன்ன வைத்தியரிடம் கண்டிருக்கிறேன்.

"இரத்தம் எடுத்துப் பாருங்கள்" என்றேன்.

"இரண்டு நாளாகிவிட்டது. அன்றைக்குக் குடித்தது இனி இரத்தத்தில் இருக்காது." அது சரிதான். "அந்த மீன் மிச்சம் இருக்கிறதா?"

ஜெசிந்தனைப் பார்த்தேன். அவன் மேசையைப் பார்த்தான்.

"நீங்கள் அங்கே இருந்தீர்கள்" என்று பொறுப்பதிகாரி அவனிடம் கேட்டார். "அவர் குடித்திருந்தாரா?"

அவனுடைய டெனிஷ் சுத்தமானது. இங்கேயே பள்ளிக்கூடம் போனவன்.

"நாங்கள் எல்லோரும் அதே மீனைத்தான் சாப்பிட்டோம்" என்றான். "வேறு ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அவரை வெளியே கொண்டுபோனது நான். மதுவின் மணம் அடித்தது."

மாமி அவனைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் சாப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஒரு வினாடி வாய் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

முடிவு சுருக்கமானது. பிள்ளை மாமியிடமே இருக்கும். ஒரு வருடம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். நான் போய்ப் பார்க்கலாம். ஆனால் பொறுப்பான ஒருவர் முன்னிலையில் மட்டும். யார் என்று கேட்டபோது ஜெசிந்தன் கையை உயர்த்தினான்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் அவன் என் பின்னால் வந்தான். மாமி முன்னால் போய்க் காருக்குள் ஏறிவிட்டார்.

"மச்சான், நில்லு. நான் சொல்றதைக் கேள்."

நின்றேன்.

"நான் உண்மையைச் சொன்னால் என்ன வரும்? அந்த டெனிஸ்காரன் நஞ்செண்டு சொல்லச் சொல்ல வெட்டிக்கொண்டு வந்து, பெத்துப் பத்து நாள் ஆகாதவளுக்குக் குடுக்கப் பாத்தவன் எண்டு வரும். பேந்து என்ர பிள்ளையைப் பார்க்கவும் கொம்யூன் வரும். மரினா என்ன செய்வாள் சொல்லு?"

என் கார்ச் சாவியை எடுத்தேன்.

"அம்மாவையும் யோசி. ஒரு பிள்ளையை மண்ணுக்குக் குடுத்திட்டா. இதையும் பறிச்சால் அவ தாங்க மாட்டா. நீ இளம் ஆள். இன்னொண்டு கட்டுவாய், இன்னொண்டு பெறுவாய். அம்மாவால இனிப் பெறேலாது."

அவன் முகத்தில் வெட்கம் இருந்ததா என்று பார்த்தேன். இருந்தது. ஆனால் அது அவனைத் தொந்தரவு செய்ததாகத் தெரியவில்லை. இரண்டு நாளில் பழகியிருந்தான்.

"மரினாவுக்குப் பால் வந்ததோ?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது.

"இல்லை. பால்மாதான் குடுக்கிறம். பிள்ளை வடிவாக் குடிக்குது." கொஞ்சம் உற்சாகமானான். "சும்மா கிடந்து கஷ்டப்பட்டிருக்கிறம்."

மாமி காருக்குள்ளிருந்து ஹோர்ன் அடித்தார்.

"ஞாயிற்றுக்கிழமை வா" என்றான் ஜெசிந்தன். "பத்து மணிக்கு வந்தியெண்டால் நான் நிப்பன். நான் இல்லாட்டிக் கதவு திறக்க ஏலாது, விளங்குதோ? சட்டம்."

"விளங்குது."

"வாறாய்தானே?"

"ஓம். வாறன்" என்றேன்.